கற்பூரம் அணைந்த வண்டி

தம்பிகளே, சார்ஜ் இறங்கிப்போன வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு உயிர் கொடுப்பது எப்படி என்று நீங்கள் என்னிடம் கேட்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். சிவப்பு எங்கே, கருப்பு எங்கே, கடைசிக் கிளிப்பை ஏன் பேட்டரியில் மாட்டாமல் தள்ளியிருக்கிற வெற்று இரும்பில் மாட்ட வேண்டும், இதெல்லாம் வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே கைக்குப் பழகிவிடும். கைக்குப் பழகியதை எழுதி என்ன செய்ய? வயருக்கு வெளியே நிற்கிறார்களே ஆட்கள், அவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. வண்டியைச் சுற்றி நாலு பேர் எப்போதும் நிற்பார்கள். ஒருவர் அவசரப்படுத்துவார், ஒருவர் யோசனை சொல்வார், ஒருவர் சாமி கும்பிடுவார், ஒருவர் பீடி பற்றவைப்பார். நம் பாடத்தில் இவர்கள் யாரும் வருவதில்லை.

எழுபதுகளில் சேலத்தில் ஒரு பேட்டரி சார்ஜ் கடையில் இருந்தேன். தகரக் கூரை, சிமெண்ட் மேடை, மேடை நிறையப் பேட்டரிகள். சார்ஜ் ஏறும்போது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பும். பகலில் தெருச் சத்தத்தில் அது கேட்காது. தெரு அடங்கினால் கேட்கும், ஓலைமேல் தூறல் விழுவதுபோல. அந்தக் குமிழ்களில் வருவது எரிகிற வாயு. அதற்கு நிறம் கிடையாது, வடிவம் கிடையாது, வந்திருக்கிறேன் என்று சொல்லவும் செய்யாது.

என்னோடு வேலை செய்தவர் ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கரண்டு போன சமயம் செல்லில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்தார். சத்தம் ஒன்று கேட்டது. பேட்டரியின் மேல்பாகம் கூரைத் தகரத்தை இடித்துவிட்டுக் கீழே விழுந்தது. நாங்கள் ஆசிட் தெறித்த அவர் தலையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினோம், தூக்கினோம், மறுபடி அமுக்கினோம். கண் தப்பியது. ஒரு பக்கத்துப் புருவம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் சொன்னது இதுதான். "எத்தனை வருசமா இப்படித்தான்டா குச்சி கிழிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல."

அது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அதன் பிறகு பேட்டரிக்குப் பக்கத்தில் நெருப்பைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமல் வேலை செய்ய ஆரம்பித்தது. அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை நான் முடிவுக்கு வரவில்லை.

பிறகு திருச்செங்கோட்டில் சொந்தமாகக் கடை போட்டேன். ஊர் முழுக்க ரிக் வண்டிகள், ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரிகள். வெளியூர்க்காரர்கள் மலையைப் பார்க்க அண்ணாந்து நிற்பார்கள். எங்களுக்கு அண்ணாந்து பார்க்க ரிக்கின் இரும்புக் கோபுரங்கள் இருந்தன. அந்த வண்டிகள் ஆந்திராவுக்கும் அதற்கு மேலும் போய், தெரியாத ஊரின் பாறையைத் துளைத்து, அங்கத்தியப் புழுதியை டயரில் ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். ரிக்கில் டிரைவர் என்றால் ஊரில் தனி மரியாதை. அதிலும் புது ரிக்கை முதன்முதலாக வெளியே எடுத்துப் போகிற டிரைவர் என்றால் மாப்பிள்ளைக்குச் சமம்.

அப்படி மாப்பிள்ளை ஆகவிருந்தவன் செங்கோடன். என் சேக்காளி. ஒரே முதலாளியிடம் பழைய வண்டிகளையே ஓட்டிக்கொண்டிருந்தான். கியர் விழாத வண்டி, பிரேக் பிடிக்காத வண்டி, கதவைக் கயிறு போட்டுக் கட்டிய வண்டி. அடுத்த புது வண்டி உனக்குத்தான் என்று முதலாளி சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர் அவர். புது ரிக் வந்தது. பாடி கட்டுகிற பட்டறையிலேயே செங்கோடன் குடியிருந்தான். கதவில் மயில் வரையும்போது தோகையில் நீலம் பத்தவில்லை என்று பெயிண்டரோடு சண்டை போட்டான். வண்டி கிளம்பிப் போய்த் திரும்பியதும் கல்யாணம் பேசலாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

விஜயதசமி அன்று காலையில் முதல் சவாரி. நான் கடையில் ஆயுத பூசைக்கு வைத்த சாமான்களை இன்னும் எடுக்கவில்லை. ஸ்பானர், மீட்டர், ஜம்பர் வயர் எல்லாம் பலகைமேல் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. செங்கோடன் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமலே போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"மாப்ளே, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. கட்டு கட்டுனு ஒரு சத்தம், அத்தோட சரி."

"ராத்திரியெல்லாம் பாட்டுப் போட்டீங்களா?"

"பாட்டு, சீரியல் லைட்டு, அல்லாம் அந்தப் பேட்டரிலதான். கரண்டு போயிருச்சு. முதலாளி ஊட்டுக்கு ஒறம்பரை அத்தனை பேரு வந்திருக்கறாங்க. இருட்டுல உக்கார வைக்கறதா?"

"தள்ளி எடுத்திர வேண்டியதுதான. வந்த ஒறம்பரையே போதும், ஊர் எல்லை வரைக்கும் தள்ளுவாங்க."

"வாயைக் கழுவு. புது வண்டியை மொத சவாரிக்குத் தள்ளிக்கிட்டா போவாங்க? தானா எந்திரிச்சு, தானா எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் போகோணும். ராகு காலம் வேற வந்துக்கிட்டிருக்குது. வாடா."

பலகையிலிருந்து ஜம்பர் வயரை எடுத்தேன். கிளிப்பின் பல்லிடுக்கெல்லாம் சந்தனம். அது இருந்தால் கரண்டு பாயாது. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் நகத்தால் சுரண்டிக்கொண்டே போனேன்.

முதலாளியின் வீடு தோட்டத்துக்குள் இருந்தது. முன்னால் களம், களத்தின் நடுவே வண்டி. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கச் செவ்வந்தி மாலை, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம். புனல் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. பேட்டரியைக் கொன்றுவிட்டு அந்தப் பாட்டுப் பெட்டி இப்போது வேறு ஒரு பேட்டரியில் பாடிக்கொண்டிருந்தது.

"சித்த வெரசாப் பாருங்க சாமி," என்றார் முதலாளியின் மனைவி. "நல்ல நேரம் தீந்துட்டா இன்னைக்குப் பூராவும் எடுக்க முடியாது."

டிரைவர் பக்கம் படிக்குக் கீழே பேட்டரிப் பெட்டி. திறந்து செல் மூடிகளைக் கழற்றினேன். தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றினேன். மூடிகளைத் திருகவில்லை, மேலே சும்மா வைத்தேன். பழைய ரிக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி வயர் போட்டேன். அதன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். களத்தில் நின்ற அத்தனை பேரும் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு எடை உண்டு தம்பிகளே, முதுகில் தெரியும்.

"எடு," என்றேன். செங்கோடன் சாவியைத் திருகினான். முதலில் ஒரு முனகல். பிறகு வண்டி இருமியது, புகை கக்கியது, எழுந்து நின்று உறுமியது. பெண்கள் குலவை போட்டார்கள். தேங்காய் உடைந்தது. செங்கோடன் ஜன்னல் வழியாக என்னைக் குனிந்து பார்த்து கண்ணடித்தான்.

நான் வயரைக் கழற்றக் குனிந்திருந்தேன். முதலாளி வண்டியின் முகப்புக்கும் சக்கரங்களுக்கும் கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டோடு சுற்றி வந்தார். என் பக்கத்தில் வந்ததும் நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இத்தனை நேரம் செத்துக் கெடந்தது, எந்திரிச்சிருச்சு பாருங்க. இதுக்கும் ஒண்ணு காட்டிருவோம்," என்றார்.

பேட்டரிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது அவருக்கு. நினைத்துப் பார்த்தால் எத்தனை அழகான எண்ணம். நமக்கு யாருக்காவது என்றைக்காவது தோன்றியிருக்கிறதா?

"வேணாமுங்க, அங்கயே நில்லுங்க," என்றேன். பாட்டும் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து என் சொல்லை விழுங்கிவிட்டன. அவர் சிரித்துத் தலையாட்டினார், நான் ஏதோ நல்லது சொன்னதாக நினைத்து. தட்டு பெட்டியின் விளிம்புக்கு வந்தது. மூடி திருகாத செல்களுக்கு மேலே அந்த மஞ்சள் நாக்கு சாய்ந்தது.

என் உள்ளங்கை அதன்மேல் விழுந்தது. தட்டு தரையில் உருண்டது.

பாட்டு பாடிக்கொண்டேயிருந்தது. முதலாளியின் மனைவி வாயில் கை வைத்தார். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. முதலாளி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சுட்டிருச்சா?" என்றார். வாயுவைப் பற்றி நான் வேகவேகமாகச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். "நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க," என்றார். மறுபடி கற்பூரம் ஏற்றி முகப்பில் காட்டினார். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு தார் ரோடு வரை போய்த் திரும்பியது. ஆனால் இந்த முறை யாரும் குலவை போடவில்லை. பொரியை வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள்.

மறுநாள் செங்கோடன் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேற டிரைவர் போறான்," என்றான்.

"எதுக்கு? தட்டிவிட்டது நானுடா. உன்னை எதுக்கு?"

"ஸ்டியரிங்குல நானுதான உக்காந்திருந்தேன்."

நேராக முதலாளியின் தோட்டத்துக்குப் போனேன். அவர் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். சேலத்தில் பார்த்ததை, புருவம் முளைக்காத ஆளை, எல்லாம் சொன்னேன்.

"நீங்க சொல்ற வாயு கண்ணுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"நேத்து நிச்சயமா வெடிச்சிருக்குமா?"

நான் தயங்கினேன். திறந்த களம், நல்ல காற்று. "வெடிச்சிருக்கலாமுங்க."

"அதேதானுங்க நானும் சொல்றது. அவன் உக்காந்திருக்கறப்ப கற்பூரம் அணைஞ்சுது. ஒண்ணும் ஆகாமயும் இருக்கலாம். ஆனா மலைப்பாதையில, ஊரு பேரு தெரியாத எடத்துல அவனுக்கு ஒண்ணுன்னா நான் அவங்க ஊட்டுல போயி எப்படி நிப்பேன்? உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு மேல பயம். எனக்கும் அப்படித்தான். அவன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவன் உசுருக்காகத்தான் எறக்கினேன்."

குனிந்து மறுபடி மண்ணை வெட்டினார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் வாதாடியிருப்பேன். செங்கோடன்மீது அக்கறையில்லாதவராக இருந்திருந்தாலாவது நாலு வார்த்தை கூடுதலாகப் பேசியிருப்பேன்.

அந்த ரிக் வேறு டிரைவரோடு போனது. ஒரு கீறலும் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடியது. அதை முதலாளிக்குச் சாட்சியாக வைப்பதா, எனக்குச் சாட்சியாக வைப்பதா, செங்கோடனுக்கா? எந்தப் பக்கம் வைத்தாலும் நிற்கிறது. நடக்காமல் போனதற்கு இந்த உலகத்தில் சாட்சி கிடையாது. நம் தொழில் முழுக்க அப்படிப்பட்ட காரியம்தான். நாம் சரியாகச் செய்த நாளில் எதுவுமே நடந்திருக்காது. எதுவும் நடக்காத நாளை யார் வந்து பாராட்டுவார்கள்?

ஆனால் பேச்சு ஓடியது, வண்டியைவிட வேகமாக. டீக்கடையில், டயர்க் கடையில், வெல்டிங் பட்டறையில். கற்பூரம் அணைந்த டிரைவர் என்று ஒரு பெயர் செங்கோடனுக்கு முன்னால் போய் அவனுக்காகக் காத்திருந்தது. வேறு முதலாளிகளிடம் கேட்டான். பழைய வண்டி கொடுக்கிறோம் என்றார்கள். புது வண்டி யாரும் கொடுக்கவில்லை. அப்புறம் பழைய வண்டியும் கேட்க அவனுக்கு மனமில்லை. ஊரை விட்டுப் போனான். நாமக்கல் பக்கம் என்று சொன்னார்கள்.

அவன் விலை கொடுக்க நான் படித்த பாடம் இது, உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். நெருப்பை அணைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. மறுபடி அந்த நிமிடம் வந்தால் மறுபடி அணைப்பேன். நெருப்பு அந்த இடம்வரை வந்து சேர்ந்ததே, அதுதான் உறுத்துகிறது. பூசை நடக்கிற வீட்டுக் களத்தில், பூசை நேரத்தில் பேட்டரிப் பெட்டியைத் திறக்கிறவன் கற்பூரம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாமா? வயரை எடுக்கும் முன்பே முதலாளியிடம் போய், "உங்க பூசையை முகப்போட முடிச்சுக்குங்க, இந்தப் பக்கம் நான் சொன்ன பொறகு வாங்க," என்று சொல்லியிருந்தால் அவர் சரி என்றிருப்பார். பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். சிவப்பு முதலில், கருப்பு பிறகு என்று வயருக்கு வரிசை இருப்பதுபோல ஆட்களுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. யார் எங்கே நிற்பது, யார் எப்போது வருவது. இரும்பைத் தொடுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே காட்டலாம், எங்கே நிற்கலாம் என்று ஓர் இடத்தையும் கொடுங்கள். மனிதர்களுக்குத் தங்கள் நெருப்பை வைக்க ஓர் இடம் வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நானும் நாமக்கல்லுக்குக் கடையை மாற்றினேன். கோழிப் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் நடு மதியம், எருமப்பட்டி ரோட்டில் முட்டை வேன் ஒன்று நின்றுவிட்டது என்று பண்ணைக்காரர் ஆள் அனுப்பினார். தெரிந்தவரின் ஜீப்பை வாங்கிக்கொண்டு போனேன். சுற்றிலும் அறுவடை முடிந்த சோளக்காடு. கானல் ரோட்டின்மேல் தண்ணீர்போல நெளிந்தது. வேலமரத்து நிழலில் ஓர் ஆள் குத்துக்காலிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

நான் ஜீப்பிலிருந்து வயரை எடுத்தபோது அவன் எழுந்தான். பீடியைச் செருப்பில் நசுக்கினான். நசுக்கியதை அங்கே போடவில்லை. சோளக்காட்டுக்குள் பத்தடி நடந்து, குனிந்து மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தான். அப்போதுதான் அது செங்கோடன் என்று தெரிந்தது.

"வா மாப்ளே. நீ வாரேன்னு யாரும் சொல்லவேயில்ல," என்றான்.

"நீன்னு எனக்குந் தெரியாது."

"சீக்கிரம் போடு. இந்த வெயிலுக்கு உள்ள இருக்கறதெல்லாம் குஞ்சு பொரிச்சிரும்."

"பண்ணை முட்டை பொரிக்காதுடா."

"இந்த ரோட்டுல அதுவும் பொரிக்கும்."

சிரித்தோம். ஜீப்பை வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தி வயரைப் போட்டேன். அவன் சொல்லாமலே தள்ளி நின்றான். முகத்தைப் பேட்டரிக்குக் காட்டாமல் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றான். கல்யாணம் ஆனதா என்று கேட்டேன். ஆயிற்று, ரொம்பத் தாமதமாக, என்றான். ஜீப் எஞ்சினை ஓடவிட்டேன்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு."

"அன்னைக்கு நெசமாலுமே வெடிச்சிருக்குமா?"

வாயில் பதில் இருந்தது. வெடித்தேயிருக்கும், முதலாளி கண் போயிருக்கும், உன் வண்டி கரிந்திருக்கும். அப்படிச் சொல்லியிருக்கலாம். அவன் இழந்ததற்கு ஒரு விலை கிடைத்திருக்கும். ஆனால் கையில் வயரைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "வெடிச்சிருக்கலாம்," என்றேன்.

அவன் தலையாட்டினான். வேனில் ஏறி உட்கார்ந்தான்.

"எடு. எடுத்த பொறகு நிறுத்தாத. பண்ணை வரைக்கும் ஓட்டிக்கிட்டே போ," என்றேன்.

எஞ்சின் ஒரே பிடியில் எடுத்தது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், கடைசியில் போட்டதை முதலில் எடுத்து. பெட்டியை மூடினேன். நிமிர்ந்தபோது அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது. இரண்டு எஞ்சின்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன?" என்று கத்தினேன்.

அவன் எஞ்சினைக் காட்டினான். நிறுத்தக்கூடாது என்று நீதானே சொன்னாய் என்பதுபோலக் கையை விரித்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கியரைப் போட்டான். வேன் கானலுக்குள் இறங்கி மெல்ல நெளிந்து போனது.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நின்றால் அந்த வண்டி மறுபடி எடுத்திருக்காதுதான். எடுக்காவிட்டால் என்ன? வயர் என் கையில்தான் இருந்தது.